யாழ்க் கழகம் மறைந்தது ஏன்?

ஒரு கழகம் பிறந்த கதையை எழுதப் பலர் உண்டு. வளர்ந்த கதையை வாழ்த்திப் பேசவும் பலர் உண்டு. மறைந்த கதையை எழுதத்தான் ஆளில்லை! இழவு வீட்டில் விருந்தில்லை. ஆகவே எழுத்தாளர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் தோழர்களே, கொடி கட்டியவர்கள் நாம். உண்டியல் குலுக்கியவர்கள் நாம். ஊருக்கொரு படிப்பகமும் தெருவுக்கொரு மன்றமும் கண்டவர்கள் நாம். கழகங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படி மறைகின்றன என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தை இன்று ஒரு கால்பந்துக் கழகம் நமக்குக் கற்பிக்கட்டும். 1879ஆம் ஆண்டு பிறந்து 1897ஆம் ஆண்டு மறைந்த கழகம் அது. வாழ்ந்தது பதினெட்டே ஆண்டுகள்! ஊர், ஸ்காட்லாந்து நாட்டின் டண்டி நகரம். பெயர், டண்டி ஹார்ப். ஹார்ப் என்றால் யாழ். அயர்லாந்து மக்களின் சின்னம் அந்த யாழ். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து, பிழைக்க வந்த இடத்தில் மில் கூலியாய் நின்ற ஐரிஷ் மக்கள், தங்கள் கழகத்துக்குத் தங்கள் யாழையே பெயராகச் சூட்டினர்.

"அரசியல் ஏட்டில் ஆட்டக்களத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். உழைத்தவன் மாலையில் எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான், எந்தப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கிறான் என்பது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்?

கோணிச் சாக்கு சொல்லும் கதை

டண்டி எங்கே, நாம் எங்கே என்று எண்ண வேண்டாம். நெல் மூட்டை கட்டிய கோணிச் சாக்கைக் கேளுங்கள், அது சொல்லும் அந்த உறவை! வங்கத்து வயலில் விளைந்த சணல் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த ஊர் டண்டி. அங்கே திமிங்கில எண்ணெயில் நாரை ஊறவைத்து மென்மையாக்கி, இயந்திரத்தில் நூற்கக் கற்றுக்கொண்டார்கள். உலகத்துக்கே சாக்குத் துணி நெய்தார்கள். லாக்கி என்ற பகுதியில் காக்ஸ் குடும்பத்தார் எழுப்பிய ஆலையின் புகைபோக்கி 282 அடி உயரம். 1860களில் கட்டியது, இன்றும் நிற்கிறது. அந்தப் புகைபோக்கியின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கோ ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு அறை!

யார் அவர்கள்? 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகல் நோய் புகுந்தது. ஏழையின் உணவு அந்தக் கிழங்கு ஒன்றுதான். வயலில் அது அழுகியது. வீட்டில் பிணம் விழுந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினர். அந்தக் கொடுமையின் நடுவிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது! பஞ்சம் வானத்திலிருந்து வந்தது என்பார்கள். கப்பலில் ஏறிப் போன கோதுமையைக் கேட்டால், அது வேறு கதை சொல்லும்.

ஓடியவர்களில் ஒரு பகுதியினர் டண்டிக்கு வந்தனர். 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அந்நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். லாக்கிக்கு 'சின்ன டிப்பரரி' என்றே பெயர் விழுந்தது. சணல் ஆலைகளில் வேலை செய்தவருள் நால்வரில் மூவர் பெண்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு, அதனால் பெண்ணுக்கு வேலை. சிறுவனுக்கும் கூலி குறைவு, அதனால் சிறுவனுக்கும் வேலை. அவன் வளர்ந்து ஆளாகி, ஆளுக்குரிய கூலி கேட்கும் வயது வந்ததும் வெளியே போ என்றது ஆலை! மனைவி ஆலைக்குப் போக, கணவன் வீட்டில் அடுப்பில் கெண்டி ஏற்றியதால், 'கெண்டி காய்ச்சுவோர்' என்று ஆண்களை ஏளனம் செய்தது ஊர். ஏளனம் செய்தவர்கள், அவனை வேலையிலிருந்து விரட்டிய முதலாளியை ஏளனம் செய்தார்களா? இல்லை! ஏளனம் எப்போதும் ஏழையின் வாசற்கதவைத்தான் தட்டும்.

அத்தோடு முடிந்ததா மலிவு தேடும் படலம்? 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் சணல் ஆலை எழுந்தது. இயந்திரம் டண்டியிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்துக்காரனைவிட மலிவு ஐரிஷ்காரி. ஐரிஷ்காரியைவிட மலிவு ஹூக்ளிக் கரையின் கூலியாள். படிப்படியாக இறங்கியது முதலாளியின் கால். படிப்படியாக ஏறியது அவன் கருவூலம். டண்டியின் சணல் செல்வம் அமெரிக்க இரயில் பாதைகளில் முதலீடாகி அங்கும் வட்டி ஈன்றது. கடைசியில் 1999இல் டண்டியின் கடைசிச் சணல் ஆலையும் மூடப்பட்டது. அந்த ஆலைகள் செழித்திருந்த நாளில், அவற்றின் தறி இரைச்சலுக்கு நடுவே முளைத்ததுதான் யாழ்க் கழகம்.

ஆடுகளம் கேட்டதும் அரசியலே

ஐரிஷ் மக்களின் கால்பந்துக் கழகங்களில் யாழ்க் கழகம் முதலாவது அன்று. 1875இல் எடின்பரோவின் கௌகேட் சேரியில் ஹைபர்னியன் கழகம் பிறந்தது. ஆட இடம் கொடுங்கள் என்று ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கதவைத் தட்டியது. என்ன விடை கிடைத்தது தெரியுமா? இது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கான சங்கம், அயர்லாந்துக்காரருக்கு அன்று என்ற விடை! அந்தச் சிறுவர்களில் பலர் எடின்பரோவிலேயே பிறந்தவர்கள். ஆலைக்குள் நுழையும்போது எந்த நாட்டான் என்று கேட்கவில்லை. ஆடுகளத்தில் நுழையும்போது மட்டும் கேட்டார்கள். உழைப்பு உள்ளூர்ச் சரக்கு. உரிமை கேட்டால் அயலூர்ச் சரக்கு!

ஆயினும் மற்ற கழகங்களின் இளைஞர்கள் பரிந்து பேசினார்கள், கதவு திறந்தது. 1887இல் அந்த ஹைபர்னியன், ஸ்காட்லாந்துக் கோப்பையையே வென்றது. ஜேம்ஸ் கானலி என்ற மாவீரன் பிறந்தது அதே கௌகேட்டில், 1868இல். 1889இல் அவன் டண்டிக்கு வந்து, அங்கேதான் சமதர்ம இயக்கத்தில் ஈடுபட்டான். 1916இல் டப்ளின் எழுச்சியில் காயமுற்று, நாற்காலியில் உட்கார்த்தி வைத்துச் சுடப்பட்டானே, அந்தக் கானலிதான்! அவனை வளர்த்தவை இத்தகைய தெருக்கள்.

யாழ்க் கழகம் தோன்றிய 1879ஆம் ஆண்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதே ஆண்டில்தான் அயர்லாந்தில் நிலச் சங்கம் தோன்றியது. குத்தகை உழவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும் என்று முழங்கிய மைக்கேல் டேவிட் அதை நிறுவினார். அவரும் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. பதினொரு வயதில் லங்காஷயரின் பஞ்சாலை இயந்திரத்துக்கு ஒரு கையைப் பலி கொடுத்தவர். தாய்நாட்டில் நிலத்துக்குச் சங்கம்; கூலிநாட்டில் ஆட்டத்துக்குக் கழகம். நிலம் ஒன்று, திடல் ஒன்று. கேட்ட குரல் ஒன்றே: எங்களுக்கும் காலூன்ற ஓர் இடம் வேண்டும்!

முப்பத்தைந்தா, முப்பத்தேழா?

1885 செப்டம்பர் 12. சனிக்கிழமை. ஸ்காட்லாந்துக் கோப்பையின் முதல் சுற்று. யாழ்க் கழகம் அபெர்டீன் ரோவர்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. ஆட்டமா அது? அடைமழை! 35 கோல்கள், எதிரணிக்குச் சுழியம். உலகம் அதுவரை கண்டிராத எண்ணிக்கை.

ஆட்டம் முடிந்ததும் நடுவரின் குறிப்பில் இருந்தது 37 என்று சொல்வார்கள். யாழ்க் கழகத்தின் செயலாளரே முன்வந்து, "நான் எண்ணியது 35தான்" என்றாராம். நடுவரும் அதையே பதிவு செய்தார். பின்னர், முன்பு ஆர்ப்ரோத் அணிக்கு ஆடியிருந்த ஒரு வீரர், பழைய நண்பர்களுக்குப் பெருமையோடு தந்தி அடித்தாராம். அங்கிருந்து வந்த விடை அவரைத் திகைக்க வைத்தது. பதினேழு கல் தொலைவில், அதே நாளில், அதே கோப்பைக்காக, ஆர்ப்ரோத் அணி பான் அக்கார்ட் என்ற இன்னொரு அபெர்டீன் அணியின் மீது 36 கோல் போட்டிருந்தது!

ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோலால் ஆர்ப்ரோத்தின் பெயர் இன்றுவரை ஏடுகளில் வாழ்கிறது. யாழின் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கிறது. நடுவரின் கணக்கை அப்படியே விட்டிருந்தால் முதலிடம் அவர்களுடையது. வாய் மூடி இருந்தால் போதும், வரலாறு வாய் திறந்து பாடியிருக்கும்! அவர்களோ வாய் திறந்தார்கள்.

ஏமாளிகள் என்று நகைப்போர் நகைக்கட்டும். பிழைக்க வந்தவன் என்ற இழிசொல்லோடு வாழ்ந்த மக்கள், திருடர், குடிகாரர் என்று நாள்தோறும் ஏச்சுக் கேட்ட மக்கள், எதிரியும் அறியாத இரண்டு கோல்களைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கழகத்தில் கணக்கு என்பது வெறும் எண் அன்று, மானம்! கிளைக்கழகத்தில் உண்டியல் எண்ணும் தோழர்கள் இந்தச் செயலாளரை நினைவில் வைக்க வேண்டும். கூட்டிச் சொல்லப்பட்ட இரண்டு, கூட்டத்தையே ஒருநாள் கவிழ்க்கும்.

இவ்வளவு வலிமையும் இவ்வளவு நேர்மையும் இருந்த கழகம் பன்னிரண்டே ஆண்டுகளில் ஏன் இல்லாமற் போயிற்று?

பணம் களமிறங்கியது

1890இல் ஸ்காட்லாந்துக் கால்பந்து லீக் தோன்றியது. 1893இல், ஆட்டக்காரருக்கு ஊதியம் கொடுப்பதைச் சங்கம் சட்டமாக்கியது. அதுவரை பல கழகங்கள் மறைவாகக் கொடுத்ததை இனி வெளிப்படையாகக் கொடுக்கலாம். ஆடும் உழைப்பாளிக்கு ஊதியம் கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் முடியாது. பந்தை உதைப்பவன் பசியோடு உதைக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அந்த ஊதியம் எங்கிருந்து வரும்? அதுதான் கேள்வி.

அதே 1893இல் டண்டியின் இரண்டு பெரிய கழகங்களான 'அவர் பாய்ஸ்', 'ஈஸ்ட் எண்ட்' இரண்டும் ஒன்றாய் இணைந்து டண்டி கால்பந்துக் கழகமாயின. லீக்கில் அதற்கு இடம் கிடைத்தது. பெரிய ஊர்களின் பெரிய அணிகள் இனி டண்டிக்கு வந்தால் அந்தக் கழகத்தோடுதான் ஆடும். சனிக்கிழமைக் கூட்டம் அங்கே. கூட்டத்தின் காசும் அங்கே. யாழ்க் கழகத்துக்கு மிஞ்சியவை பழைய பெருமை, பழைய பாட்டு, அரை வயிற்றுக் கூலிக்காரன் தரும் செப்புக்காசு. பணமுடை கழுத்தை நெரித்தது. 1897இல் மூச்சு நின்றது.

எதிரியால் மட்டும் வந்த முடிவா இது? உடன்பிறந்தோர் கதையையும் சொல்லத்தான் வேண்டும். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியால் வாடிய ஐரிஷ் குழந்தைகளுக்குச் சோறிட வேண்டும் என்று, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் செல்டிக் கழகத்தைத் தொடங்கினார். உயர்ந்த நோக்கம், உருக்கமான தொடக்கம். ஆனால் அடுத்த ஆண்டிலேயே, எடின்பரோ ஹைபர்னியனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் செல்டிக் அணியில் நின்றார்கள்! கோப்பை வென்ற ஹைபர்னியன் நிலைகுலைந்து 1891இல் ஆட்டத்தையே நிறுத்தியது. பின்னர்தான் மீண்டும் எழுந்தது. அண்ணன் வீட்டு விளக்கைப் பிடுங்கித் தம்பி வீட்டில் ஏற்றினால், இருள் குறைந்தது என்றா சொல்வது? இருள் இடம் மாறியது, அவ்வளவுதான்.

1892இல் செல்டிக்கின் புதிய திடலில் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த முதற் புல்தரையை நட்டவர், கையிழந்த அந்த மைக்கேல் டேவிட். அதே ஆண்டில் வால்ஃப்ரிட் துறவி இலண்டனுக்கு மாற்றப்பட்டார். ஐந்தாண்டு கழிந்தது. 1897இல் செல்டிக் பங்குக் கம்பெனி ஆயிற்று! ஏழைக் குழந்தையின் சோற்றுத் தட்டுக்காகப் பிறந்தது, பங்குதாரரின் ஈவுத்தொகைக்காக ஆடத் தொடங்கியது. இதற்காகவா உண்டியல் குலுக்கினோம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பங்குத் தாளில் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

1897ஐ நினைவில் வையுங்கள். கிளாஸ்கோவில் ஒரு கழகம் கம்பெனியாகிப் பிழைத்தது. டண்டியில் ஒரு கழகம் கம்பெனியாக முடியாமல் மாண்டது. பணம் இரு கழகங்களையும் தொட்டது. ஒன்றில் நுழைந்து தொட்டது. ஒன்றை விட்டு விலகித் தொட்டது. இரண்டிலும் உரிமை, கட்டியவர் கையிலிருந்து நழுவியது. யாழ்க் கழகம் மறைந்தது ஏன் என்று கேட்டால், என் விடை இதுதான்: ஆட்டம் தோற்கவில்லை; ஆட்டத்தின் உரிமை தோற்றது.

வறுமையால் மாண்டது, அவ்வளவுதானே என்று முடித்துவிட விரும்புவோர் உண்டு. வறுமையில் பிறந்த கழகம்தானே அது! வறுமையோடு பிறந்து, வறுமையோடு வளர்ந்து, வறுமையோடு 35 கோல் போட்ட கழகம், வறுமையால் மட்டும் சாகாது. காசில்லாதவனுக்கு இடமில்லை என்று ஆட்டத்தின் விதி மாற்றி எழுதப்பட்டபோதுதான் செத்தது.

பெயர் மாறினால் பிழையா?

கழகம் மாண்டதே ஒழிய, கழகம் வேண்டும் என்ற தாகம் மாளவில்லை. 1909இல் பாட் ரெய்லி என்ற சைக்கிள் வணிகர் முன்னின்று டண்டி ஹைபர்னியன் கழகத்தை எழுப்பினார். மீண்டும் பச்சைச் சட்டை. மீண்டும் ஐரிஷ் பெயர். ஆகஸ்ட் 18 அன்று முதல் ஆட்டம். எதிரணி எது? எடின்பரோவின் மூத்த ஹைபர்னியன்! ஒன்றுக்கு ஒன்று; வெற்றி தோல்வி இல்லை. விதவையின் வீட்டில் மறுபடியும் தொட்டில் ஆடியது.

நேர்மையாகப் பேசினால், அந்தத் தொட்டிலடியில் ஒரு முள்ளும் இருந்தது. அவர்கள் பெற்ற திடல், முன்பு டண்டி வாண்டரர்ஸ் என்ற எளிய கழகத்திடம் குத்தகைக்கு இருந்தது. கூடுதல் குத்தகைக்கு நிலக்காரர் இவர்களுக்கு விட்டார். அவர்கள் வெளியேற நேர்ந்தது. வெளியேறியவர்கள் கோல் கம்பம் உட்பட எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். துரத்தப்பட்டோர் வழி வந்தவர்கள், இன்னொருவர் துரத்தப்படக் காரணமானார்கள். ஏழையை ஏழை மீது ஏவிவிட்டு வாடகை வாங்குவது நிலக்காரரின் பழைய கலை!

1923இல் டண்டி ஹைபர்னியனும் கடனில் மூழ்கும் நிலை வந்தது. புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். பச்சை போயிற்று; கறுப்பும் வெள்ளையும் வந்தன. ஹைபர்னியன் என்ற பெயர் போயிற்று. டண்டி யுனைடெட் என்ற பெயர் வந்தது. யுனைடெட் என்றால் ஒன்றுபட்டது. ஒரு சாராரின் கழகம் என்ற எல்லையைக் கடந்து ஊரார் அனைவரையும் அழைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த டண்டி யுனைடெட் 1983இல் ஸ்காட்லாந்தின் லீக் பட்டம் வென்றது. வென்ற இடம், அதே தெருவில் உள்ள டண்டி கழகத்தின் திடல்! 1987இல் ஐரோப்பாவின் யூஃபா கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்றது.

பெயரை விட்டது துரோகமா? இல்லை என்பேன். பெயர் ஒரு வாசல். வந்த நாளில், தம்மவர் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று அந்த வாசலை ஒடுக்கமாக அமைத்தார்கள். வெளியே வசைமழை பொழிந்த காலம் அது. மழை விட்டபின் வாசலை அகலமாக்கினால் குற்றமில்லை. ஒரு சாராராகத் திரண்டு உரிமை பெற்றவர், உரிமை பெற்றபின் அனைவரையும் அழைப்பது வளர்ச்சி, வீழ்ச்சி அன்று.

ஆனால் வாசலை அகலப்படுத்துகிறேன் என்று அடித்தளத்தைத் தோண்டி எறிந்தால், அதுதான் துரோகம். 1983இன் பட்டத்துக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு 1885இன் யாழ் நினைவில் இருந்தது? சணல் தூசி நெஞ்சில் படிந்து இருமிய பெண்ணின் கூலியில் ஒரு செப்புக்காசு அந்தப் பட்டத்தின் அடியில் கிடக்கிறது. அவள் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. பெயரை மாற்றலாம், பெற்றவளை மறக்கலாமா?

நமக்கென்ன பாடம்?

தோழர்களே, எல்லா இயக்கங்களும் இந்த மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர் கூடும் நாள் ஒன்று. கூட்டத்தின் வலிமையைக் கண்டு காசு தேடி வரும் நாள் ஒன்று. வென்ற பிறகு, வந்த வழியை நினைக்கவா மறக்கவா என்று முடிவு செய்யும் நாள் ஒன்று. முதல் நாளைக் கடக்க வீரம் போதும். இரண்டாம் நாளைக் கடக்க விழிப்பு வேண்டும். மூன்றாம் நாளைக் கடக்க நன்றி வேண்டும். முதல் நாளில் வீழ்ந்த கழகங்கள் குறைவு. இரண்டாம் நாளில் வீழ்ந்தவை பல. மூன்றாம் நாளில் வீழ்ந்தவற்றுக்குத் தாம் வீழ்ந்ததே தெரியாது! அவை மாலை சூடிக்கொண்டு நிற்கும். மணம் மட்டும் இராது.

ஆகவே, மன்றம் நடத்தும் தோழர், வாடகையைக் கட்டிவிட்டாரா என்று பாருங்கள். இலட்சியம் வானளாவி நின்றாலும், வாடகை மாதக் கடைசியில் வாசலில் நிற்கும். பெரும்புள்ளி ஒருவர் பெருந்தொகையோடு வந்தால், அவர் தருவதைப் பாருங்கள், கேட்பதையும் பாருங்கள். பத்துப் பேர் தரும் நூறு ரூபாயும், ஒருவர் தரும் ஆயிரம் ரூபாயும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் முன்னதில் பத்துப் பேருக்கு உரிமை. பின்னதில் ஒருவருக்கு மட்டும் நாற்காலி. அடுத்த கிளையின் நல்ல தொண்டரைப் பிடுங்கி நம் கிளையை வளர்ப்பது வளர்ச்சி ஆகாது. கணக்கில் இரண்டு கூடியிருந்தால், எதிரி சொல்லும்வரை காத்திராமல் நாமே குறைத்துச் சொல்ல வேண்டும்.

யாழ்க் கழகத்துக்கு இன்று திடல் இல்லை; கொடி இல்லை; கோப்பை வைக்க அலமாரியும் இல்லை. ஒரு கோலால் இழந்த சிறப்பு மட்டும் இருக்கிறது. அதைத் தோல்வி என்று எழுதியவர் எழுதட்டும். யாழ் முறியலாம்; நரம்பும் அறலாம். அது ஒலித்ததா என்று கேட்டால், ஒலித்தது என்பதற்கு டண்டித் தெருக்கள் சாட்சி. மில் சங்கு ஊதும் ஊரில், பிழைக்க வந்தவர்கள் தங்களுக்கென்று ஓர் ஓசை வைத்திருந்தார்கள். அந்த ஓசையை விலை பேச முடியாத வகையில் காப்பதெப்படி என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வேலை. அந்த வேலையைச் செய்வோம்!